கரை தெரிகிறது, இறங்க முடியாது

காலை ஏழு மணிக்கு சாண்டோரினித் தீவை நெருங்கும் ஒரு சொகுசுக் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எதிரே எரிமலைப் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. உச்சியில் வெள்ளையடித்த வீடுகள் வெயிலில் மினுங்குகின்றன. கப்பலின் அரங்கத்தில் சில நூறு பேர் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக, சட்டையில் குழு எண் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, தங்கள் எண்ணைக் கூப்பிடக் காத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுகிறார். காற்று கூடிவிட்டது, படகு விட முடியாது, இன்றைய கரைச் சுற்றுலாக்கள் அனைத்தும் ரத்து, வருந்துகிறோம். அரங்கத்தில் உடனே எழும் கேள்வி எந்த மொழிக்காரர் கேட்டாலும் ஒன்றுதான்: இது நேற்றே தெரியாதா?

நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு ஒரே பதில் கிடையாது. கப்பல் சுற்றுலாவில் கடைசி நேரத்தில் ரத்தாகும் பயணங்களை ஒரே மூட்டையாகக் கட்டி ‘தவிர்க்க முடியாத காரணங்கள்’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். மூட்டையை அவிழ்த்தால் உள்ளே இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று கடல் செய்யும் ரத்து. அதைக் கடைசி நிமிடத்தில்தான் செய்ய முடியும், கடைசி நிமிடத்தில்தான் செய்யவும் வேண்டும். மற்றது காகிதமும் கணக்கும் செய்யும் ரத்து. அது பல நாள் முன்பே தெரிந்திருக்கும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். தள்ளிப்போடுவதால் நஷ்டம் பயணிக்கு மட்டும்தான் என்பதால் தள்ளிப்போகிறது. முதல் வகைக்குக் கேப்டனைத் திட்டுவதும், இரண்டாம் வகையை விதியே என்று பொறுத்துக்கொள்வதும்தான் இன்று பெரும்பாலும் நடக்கிறது. இரண்டுமே தலைகீழ் என்பது என் கட்சி.

கடலிலிருந்தே தொடங்கலாம். சாண்டோரினியின் நடுவே இருப்பது பழைய எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம். 300 மீட்டருக்கு மேல் ஆழம் போகும் அந்த நீரில் நங்கூரம் போட்டு நிற்பது நடக்கிற காரியமில்லை. பெரிய கப்பல் அணையும் மேடையும் இல்லை. கப்பல் எந்திரத்தை ஓட்டிக்கொண்டே ஓரிடத்தில் மிதக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்குள்ள சில மிதவைகளில் ஒன்றில் கட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் சிறு படகில்தான் கரைக்குப் போவார்கள். டெண்டர் என்று கப்பல்காரர்கள் சொல்லும் அந்தப் படகில் ஏறும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். கப்பலின் விலாவில், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறந்து சின்ன மேடை ஒன்று வெளியே நீள்கிறது. படகு அதை ஒட்டி வந்து நிற்கிறது. நிற்கிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான். அலை வந்தால் படகின் தளம் மேடைக்கு மேலே ஏறுகிறது, போனால் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி திறந்து மூடுகிறது. இரண்டு மாலுமிகள் பயணியின் முன்கைகளை இரு பக்கமும் பற்றிக்கொண்டு, தளமும் மேடையும் சமமாகும் நொடிக்குக் காத்திருந்து கடத்திவிடுகிறார்கள். இருபது வயதுப் பிள்ளை தாண்டிவிடும். கைத்தடி ஊன்றியவர்களும் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இந்தக் கப்பல்களில் ஏராளம். அந்தச் சாண் இடைவெளிக்குள் ஒரு கால் போனால் அதை மூடப்போவது பல டன் எடையுள்ள படகு.

இன்னொன்று, பயணிகள் எளிதில் யோசிக்காதது. காலை எட்டு மணிக்குக் கேப்டன் முடிவு செய்வது காலைக் கடலைப் பற்றி மட்டுமல்ல, மாலை நான்கு மணிக் கடலைப் பற்றியும்தான். கரைக்குப் போன இரண்டாயிரம் பேர் திரும்பி வந்தாக வேண்டும். கோடையில் ஏஜியன் கடலில் வீசும் மெல்டெமி என்ற வடகாற்று பொழுது ஏற ஏற வலுக்கும் சுபாவம் உள்ளது. காலையில் படகு விட்டு, பிற்பகலில் அலை கிளம்பினால், அத்தனை பேரும் சிறு தீவின் துறையில் ராத்தங்கலுக்கு இடமில்லாமல் நிற்பார்கள். ஆகவே கண்ணுக்கு அமைதியாகத் தெரியும் கடலில்கூட ரத்து வரும். வானம் தெளிவாக இருப்பதற்கும் கடல் அடங்கி இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு என்பதைக் குமரி மாவட்டக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கோ தென் கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். திருட்டுத்தனமாக வருவதால் அந்தப் பெயர். கப்பல் கேப்டன்கள் பயப்படுவது பெரும்பாலும் இந்த ஜாதி அலைக்குத்தான்.

மேடையில் நேராக அணையும் துறைமுகமானால் பிரச்சினை இல்லையே என்று தோன்றும். அங்கே அலைக்குப் பதில் காற்று. இன்றைய பெரிய கப்பல்கள் 300 மீட்டரைத் தாண்டிய நீளமும், இருபது மாடிக் கட்டடத்தின் உயரமும் கொண்டவை. 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர். பக்கவாட்டில் காற்று அடித்தால் கப்பலே ஒரு பாய்மரம். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: மணிக்கு 20 கடல் மைல், அதாவது 20 நாட் காற்று, 30 நாட் ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு, கப்பலைத் தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்கு. சமாளிக்கக்கூடிய காலைக்கும் சமாளிக்க முடியாத காலைக்கும் நடுவே இருப்பது அந்தப் பத்து நாட் வித்தியாசம்தான். அது துறைமுக வாயிலில், துறைக்குள் வழிகாட்டும் உள்ளூர்ப் பைலட் கப்பலில் ஏறி நிற்கும்போதுதான் உறுதியாகும்.

வானிலை முன்னறிவிப்பு இவ்வளவு முன்னேறிய காலத்தில் இது சாக்குப்போக்கு இல்லையா என்று கேட்கலாம். மூன்று நாள் முன்பே காற்று வரும் என்று தெரிகிறது என்பது உண்மை. ஆனால் முன்னறிவிப்பு சொல்வது பரந்த கடலின் நிலவரத்தை. ஒரு குறிப்பிட்ட துறையில், அலை எந்தக் கோணத்தில் வருகிறது, கப்பலைக் குறுக்கே திருப்பி நிறுத்தினால் மறைவுப் பக்கத்தில் படகுக்கு எவ்வளவு அமைதி கிடைக்கும் என்பதெல்லாம் அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: நாளை போன்ற நூறு நாட்களில் அறுபதில் இறங்க முடியாது. முந்தின இரவே ரத்து செய்தால், இறங்கியிருக்கக்கூடிய நாற்பது நாட்களும் வீண். காலைவரை பொறுத்தால் அந்த நாற்பதும் மிஞ்சும். திட்டும் பயணியின் நலனுக்காகவேதான் முடிவு தள்ளிப்போகிறது. இந்த இடத்தில் நிறுவனங்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. முடிவைக் காலையில் எடுக்கட்டும், சரி. சந்தேகத்தை ஏன் இரவே சொல்லக் கூடாது? ‘நாளை இறங்குவது பாதிக்குப் பாதிதான்’ என்று இரவுச் சாப்பாட்டு வேளையில் ஒரு வரி சொன்னால், மறுநாள் அரங்கத்தில் பாதிக் கோபம் இருக்காது. கேப்டனுக்குத் தெரிந்திருப்பதைப் பயணியிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கடல் காரணமல்ல.

கப்பல் வந்து அணைந்தும் சுற்றுலா ரத்தாவது உண்டு. அதற்குக் காரணம் கடிகாரம். ரோம் நகரைப் பார்க்கவென்று வரும் கப்பல்கள் உண்மையில் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். ரோமுக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். கப்பல் மூடுபனியால் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாலோ, உள்ளூர் அதிகாரிகள் ஏறிப் பார்த்து இறங்க அனுமதி தர நேரம் பிடித்தாலோ, கொலோசியத்துக்குக் குறித்த நுழைவு நேரம் தவறிவிடும். மாலையில் கப்பலை நிறுத்திவைக்கவும் முடியாது. அடுத்த துறைமுகத்தில் அதற்கென்று இடமும் இழுவைப் படகும் பைலட்டும் நேரம் குறித்துக் காத்திருப்பார்கள். பேருந்து வாசலில் நிற்க, பயணி டிக்கெட்டோடு நிற்க, சுற்றுலா மட்டும் இல்லை. பார்ப்பவருக்கு அநியாயமாகத் தெரியும்; கணக்குப் போட்டால் வேறு வழி இருக்காது.

ரத்து செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கெட்ட உதாரணங்கள் இரண்டு இருக்கின்றன. 2015 ஜூன் 25 அன்று அலாஸ்காவின் கெச்சிகன் ஊரில் வெஸ்டர்டாம் என்ற கப்பலிலிருந்து எட்டுப் பயணிகள் ஒரு சிறு கடல் விமானத்தில் ஏறினார்கள். மிஸ்டி ஃபியோர்ட்ஸ் என்ற மலையிடுக்குக் கடலைச் சுற்றிப் பார்க்கும் பயணம், கப்பல் வழியாக விற்கப்பட்ட சுற்றுலா. திரும்பும் வழியில் ‘எல்லா’ என்ற ஏரி அருகே, மேகம் மூடிய மலைச்சரிவில் விமானம் மோதி, விமானி உட்பட ஒன்பது பேரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய விமானத்தைப் பார்வை மறைந்த வானிலைக்குள் தொடர்ந்து செலுத்தியதே காரணம் என்றது. அதோடு நிற்கவில்லை. மோசமான வானிலையில் பறப்பதை வாய்விட்டுச் சொல்லாமலே ஊக்குவித்த நிறுவனப் பழக்கத்தையும், அந்த ஊர்ச் சுற்றுலா விமான நிறுவனங்களுக்கு இடையே இருந்த போட்டி நெருக்கடியையும் காரணப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் போட்டி என்ற சொல்லில்தான் நம் விஷயம் இருக்கிறது. ஒரு நிறுவனம் வானிலை சரியில்லை என்று ரத்து செய்கிறது. பக்கத்து நிறுவனம் பறக்கிறது. இருக்கும் பயணிகள் அங்கே போகிறார்கள். அடுத்த முறை முதல் நிறுவனத்துக்கும் கை தயங்கும். கப்பல் புறப்படும் நேரமோ கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. ரத்துக்கு ஒவ்வொரு முறையும் திட்டு விழுகிற ஊரில், திட்டு வாங்காமலிருக்கப் பறப்பவர் ஒருவர் இருப்பார்.

இரண்டாவது, நியூசிலாந்தின் ஃபகாரி, அதாவது வெள்ளைத் தீவு. கடலுக்கு நடுவே உயிரோடிருக்கும் எரிமலை. 2019 நவம்பர் 18 அன்று ஜியோநெட் என்ற கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கை நிலையை இரண்டுக்கு உயர்த்தியது. ஐந்து வரை போகும் அந்த அளவுகோலில் மூன்று என்றால் வெடிப்பே தொடங்கிவிட்டது என்று பொருள். வெடிக்காத எரிமலைக்கு இரண்டுதான் உச்சம். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 9 பிற்பகல், தீவில் 47 பேர் இருந்தபோது எரிமலை வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். தீவிலிருந்தவர்களில் பெரும்பாலோர் தவ்ராங்கா துறைமுகத்தில் நின்ற ஓவேஷன் ஆஃப் தி சீஸ் கப்பலிலிருந்து வந்தவர்கள். அன்று வானிலை நன்றாக இருந்தது, படகு நேரத்துக்குக் கிளம்பியது, எந்தப் பயணியும் புகார் சொல்ல இடமில்லாத நாள் அது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. தீவின் உரிமையாளர்களுடைய நிறுவனத்துக்கு 2023-ல் விதிக்கப்பட்ட குற்றத்தீர்ப்பை 2025-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொறுப்பு யாருடையது என்பதில் சட்டமே திணறியது. அன்று காலை ஒருவர் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால், பணம் திரும்பக் கேட்டு வரிசையில் நின்ற எரிச்சலோடு அந்த நாள் முடிந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது எதிர்த்தரப்பு ஒன்று சிரிக்கும்: பாதுகாப்பாவது ஒன்றாவது, துறைமுகத்தைத் தவிர்த்தால் கம்பெனிக்கு லாபம், கப்பல் கடலிலேயே நின்றால் கேசினோவும் கடைகளும் திறந்திருக்கும். பாதி உண்மை. துறைமுகத்தில் நிற்கும் நேரம் பல இடங்களில் கேசினோ மூடிக்கிடக்கும். கடலில் ஓடும்போது திறக்கும். ஆனால் கரைச் சுற்றுலா விற்பனையும் கப்பல் கம்பெனிகளுக்கு நல்ல வருமானம். ரத்தானால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முடிந்தபோதெல்லாம் வேறொரு துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பப் பார்ப்பதற்கும் அதுவே காரணம். பணத்துக்காகக் கேப்டன் படகை நிறுத்துகிறார் என்ற குற்றச்சாட்டு அதனால் நிற்காது. பணம் புகுந்து விளையாடும் இடம் வேறு.

அது கணக்கு மேசை. கப்பல் கம்பெனி விற்கும் சுற்றுலாக்களை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேராவது சேர வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. நாற்பது இருக்கைப் பேருந்துக்கு ஒன்பது பேர்தான் பதிந்திருக்கிறார்கள் என்றால் அது நாளைக் காலை திடீரென்று தெரியவரும் செய்தி அல்ல. கடைசிவரை இன்னும் நாலு பேர் வருவார்களா என்று காத்திருப்பது விற்பவருக்கு இலவசம். அந்த ஒன்பது பேருக்கு இலவசமில்லை. அவர்கள் அந்த நாளுக்கு வேறு ஏற்பாடு செய்யும் வாய்ப்பை ஒவ்வொரு மணி நேரமாக இழக்கிறார்கள். பணம் திரும்பி வரும், நாள் திரும்பி வராது. கேப்டனின் காத்திருப்பும் விற்பவர்களின் காத்திருப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். கேப்டன் காத்திருப்பது தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள. விற்பவர்கள் காத்திருப்பது தெரிந்த ஒன்று மாறாதா என்ற நப்பாசையில்.

காகித ரத்துக்கு நம் கடற்கரையிலேயே உதாரணம் உண்டு. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கோர்டெலியா சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியது. தமிழக முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வழியாகச் சென்னை திரும்பும் பயணமும் அதில் ஒன்று. ஜூன் 10 அன்று கப்பல் புதுச்சேரிக்கு வந்து கடலில் நின்றது. பயணிகளை இறக்கப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பலில் சூதாட்டம் நடக்கும் என்ற எதிர்ப்பு ஊருக்குள் ஏற்கனவே கிளம்பியிருந்தது. புதுச்சேரியின் பண்பாட்டுக்கு ஒவ்வாததை அனுமதிக்க மாட்டோம் என்ற நிலையைத் துணைநிலை ஆளுநர் வெளிப்படையாகவே சொன்னார். சூதாட்டம் கூடாது என்பது ஒரு நியாயமான நிலைப்பாடாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது வேறு விவாதம். இங்கே கேட்க வேண்டியது எளிய கேள்வி. அனுமதி என்பது அலை இல்லை. அது கோப்பில் இருக்கிறதா இல்லையா என்பது கப்பல் சென்னையில் கயிறு அவிழ்க்கும் முன்பே தெரியும். கோப்பில் இல்லாத துறைமுகத்தைப் பயணத் திட்டத்தில் அச்சடித்து விற்றதும், வரப்போகிறது என்று ஊரெல்லாம் தெரிந்த கப்பலுக்கு வாசலில் வந்து நின்றபின் கதவைச் சாத்தியதும் வானிலை செய்த காரியமல்ல. மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், அதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தது. கரையிலிருந்து தள்ளி நின்று, பயணிகள் சிறு படகுகளில் துறைமுகம் வந்து இறங்கினார்கள். கடல் அதே கடல்தான்.

இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு ஒப்பந்தப் பத்திரத்துக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் கப்பல் டிக்கெட்டோடு வரும் நீண்ட நிபந்தனைகளில், எந்தத் துறைமுகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று ஒரே வரியில் எல்லாமே அடங்கிவிடும். கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும், இறங்காத துறைமுகத்தின் வரியும் கட்டணமும் திரும்பும், அதோடு சரி. மலிவாக இருக்கிறதே என்று வெளியே தனியாகப் பதிவு செய்தவர் தன் ஏற்பாட்டாளரோடு தானே பேசிக்கொள்ள வேண்டும். கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் தருகிறோம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு, அந்த வரியைத் தேடிப் பார்த்து வாங்குவது நல்லது. எல்லாக் காரணத்துக்கும் ஒரே நிபந்தனை வைத்திருப்பதால் கம்பெனிக்கு ஒரு வசதி: ஒன்பது பேர் சேராத பேருந்தும் புயல் அலையும் ஒரே மன்னிப்புக் கடிதத்தில் முடிந்துவிடும். ரத்து அறிவிக்கும்போது காரணத்தையும், அந்தக் காரணம் தங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும். இரண்டாம் வகை பாதி குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. அலைக்காக ரத்து செய்யும் கேப்டனுக்கு அந்த விதியால் ஒரு தொந்தரவும் இல்லை.

எல்லாத் துறைமுகத்திலும் பெரிய மேடை கட்டிவிட்டால் முதல் வகையும் குறையுமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். கரீபியக் கடலில் கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுன் இதற்கு நல்ல களம். கப்பல்கள் அதிகம் வரும் ஊர், ஆனால் கப்பல் அணையும் மேடை கிடையாது. எல்லோரும் டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும். ஊர் மேற்குக் கரையில் இருப்பதால் வழக்கமான கிழக்குக் காற்று அதைத் தொடாது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி வந்து திசை மாறும்போதுதான் துறைக்குள் அலை நேராகப் புகும். தெற்குப் பக்கத்தில் ஸ்பாட்ஸ் என்ற மாற்றுத் துறை இருக்கிறது. அங்கும் முடியாவிட்டால் கப்பல் அப்படியே போய்விடும். மேடை கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. கட்டினால் துறையின் பவளப்பாறைகள் என்ன ஆகும் என்ற கவலையும் கூடவே பேசப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பொதுத்தேர்தலோடு சேர்த்து மக்களிடமே கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். இனி ஜனவரி மாதத்தில் ஒரு காலை வேளை, ஜார்ஜ் டவுனுக்கு எதிரே வெயிலில் நிற்கும் கப்பலில் ரத்து அறிவிப்பு ஒலிக்கும்போது, கரையில் அதைக் கேட்பவர்கள் அந்த வாய்ப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டவர்கள்.